காய்ச்சலில் தொடங்கும் இலக்கணம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பிசகாமல் சொல்வார். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ லீவ் லெட்டர்! அக்கா கல்யாணமானாலும் ஊர்த் திருவிழாவானாலும் காரணம் காய்ச்சல்தான். அந்த வாக்கியத்தின் முன்பாதி ஓர் அட்வெர்ப் கிளாஸ் என்பது எழுதுகிற பிள்ளைக்குத் தெரியாது. வாங்கி மடித்து வைக்கிற வகுப்பாசிரியரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதே பிள்ளையிடம் ஏழாம் வகுப்பில் ‘அட்வெர்ப் கிளாஸ் என்றால் என்ன?’ என்று கேட்டால் கண்ணைக் கரும்பலகைக்குக் கொண்டுபோய்விடும்.

ஒரு செயல் எப்போது நடந்தது, ஏன் நடந்தது, எது நடந்தால் நடக்கும், எதையும் மீறி நடந்ததா என்று சொல்வதற்காக முக்கிய வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்ன வாக்கியம் அது. அதற்குத் தனி எழுவாயும் வினையும் உண்டு, ஆனால் தனியாக நிற்காது. விஷயம் இவ்வளவுதான். இதைப் பயமுறுத்தும் பாடமாக்கியது அதன் வகைப் பட்டியல். 1935இல் வெளிவந்து இன்றும் ஆசிரியர் அறை அலமாரிகளில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் காலம், இடம், நோக்கம், காரணம், நிபந்தனை, விளைவு, ஒப்பீடு என்று அது நீண்டுகொண்டே போகும். அந்த ரென் ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற சாகச நாவலை எழுதியவர். நாவலாசிரியர் எழுதிய இலக்கணத்தில் கதை கொஞ்சம் கசிந்திருக்கலாம், கசியவில்லை.

பட்டியலைவிடப் பெரிய தொல்லை நம் ஊர்ச் சூத்திரங்கள். ‘தோ’ வந்தால் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘சோ தட் நாட்’ வந்தால் ‘டூ டூ’, அதுவே காம்பவுண்ட் ஆனால் ‘வெரி அண்ட் சோ’. பத்தாம் வகுப்புத் தேர்வில் சிம்பிள், காம்பிளக்ஸ், காம்பவுண்ட் மாற்றிக் காட்டினால் மதிப்பெண் என்பதால் இந்த அட்டவணை டியூஷன் சென்டர் சுவரிலிருந்து இறங்கி ஏழாம் வகுப்புக்கும், சில இடங்களில் ஆறாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. விளைவு விசித்திரமானது. வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றத் தெரிந்த பையனை ‘ஏன்டா லேட்டு?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் ‘பஸ் சார்’ என்பான். அவனிடம் காரணமும் இருக்கிறது, ‘பிகாஸ்’ என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டும் சந்தித்ததே இல்லை.

நான் இந்தப் பாடத்தைத் தமிழில்தான் தொடங்குவேன். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தீட்டு என்று நினைக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ‘பஸ் வராததால லேட்டாயிடுச்சு’, ‘மழை பெஞ்சாலும் மேட்ச் நடந்துச்சு’, ‘நான் வர்றதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க’ என்றெல்லாம் பேசும் பிள்ளைக்குக் காரணமும் காலமும் புதியவை அல்ல. வினையெச்ச வாய்பாடுகளை நன்னூல் பன்னிரண்டாக அடுக்கி வைத்திருக்கிறது. இலக்கணம் படிக்காத பாட்டியும் அவற்றில் பாதியை வேறு உருவில் நாள்தோறும் பயன்படுத்துகிறார். ஆகவே நாம் புதிதாகக் கற்றுத்தர வேண்டியது கொக்கி எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான்.

முக்கிய வாக்கியத்தையும் துணை வாக்கியத்தையும் இரண்டு ரயில் பெட்டிகளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைப்பதுதான் கொக்கி. தமிழில் துணைப்பெட்டி வழக்கமாக முன்னால் வரும். ‘ஆல்’, ‘ஆலும்’, ‘போது’ என்ற கொக்கி அதன் வாலில் இருக்கும். அதனால் இரண்டு பெட்டிகளும் சேரும் இடத்திலேயே கொக்கி இருக்கிறது. ஆங்கிலத்தில் கொக்கி துணைப்பெட்டியின் தலையில். ‘ஐ வாஸ் லேட் பிகாஸ் த பஸ் டிட் நாட் கம்’ என்றால் சிக்கல் இல்லை, கொக்கி நடுவில் வந்துவிடுகிறது. துணைப்பெட்டியை முன்னால் தள்ளி ‘பிகாஸ் த பஸ் டிட் நாட் கம்’ என்று தொடங்கினால் கொக்கி எங்கோ முன்னால் போய்விட, சேருமிடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமைக்குத்தான் அங்கே கமா.

நம் பிள்ளைகளின் மிகப் பழைய பிழை இங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி. ‘தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹானஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். ‘தோ’வும் ‘பட்’டும் ஒரே வாக்கியத்தில் வரக்கூடாது என்று சிவப்பு மையில் அடித்து அடித்து நமக்குக் கை வலித்ததுதான் மிச்சம். தமிழ்க்காது சேருமிடத்தில் ஏதாவது ஒரு சொல்லை எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. ‘பிகாஸ்... சோ’வும் அப்படித்தான். இதைச் சொல்லிக் காட்டிய பிறகு வகுப்பே கமாவைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறது. இதனால்தான் முதலில் முக்கிய வாக்கியம், பின்னால் துணை வாக்கியம் என்ற வரிசையிலேயே நெடுநாள் பழக்குகிறேன். முன்னால் தள்ளுவது பிறகு.

இன்னொரு பிழை முற்றுப்புள்ளியால் வருவது. ‘ஐ வாஸ் ஆப்சென்ட்.’ புள்ளி. ‘பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்.’ புள்ளி. தமிழில் ‘ஏனென்றால்’ என்று புது வாக்கியம் தொடங்கலாம், யாரும் தடுப்பதில்லை. பிள்ளை அந்த உரிமையை அப்படியே ஆங்கிலத்துக்கும் எடுத்துப்போகிறது. இதற்கு விதி சொல்வதில்லை. இரண்டாவது துண்டை மட்டும் ஒரு மாணவியை உரக்கப் படிக்கச் சொல்லி, மற்றவர்களைப் பார்ப்பேன். ‘அப்புறம் என்னாச்சு சார்?’ என்று எவனாவது கேட்டுவிடுவான். கேள்வி மிச்சமிருந்தால் வாக்கியம் முடியவில்லை.

வகுப்பு கலகலப்பது ‘இஃப்’ வரும்போது. ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதிவிட்டு, ‘நாளைக்குத்தானே சார் மழை, வில் போடக்கூடாதா?’ என்று நியாயம் கேட்பார்கள். ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று எழுதச் சொல்வேன். அதில் ‘ஆல்’ போனால் மிச்சம் என்ன? ‘பெய்த்’. ‘பெய்தது’ என்பதிலும் இருப்பது அதுதான். நாளைய மழைக்கு நேற்றைய உருவத்தை நாம் மாட்டியிருக்கிறோம். ஆங்கிலக்காரன் நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொண்டான், அவன்மேல் என்ன குற்றம்? அதற்குப் பிறகு ‘வில்’லுக்காக வழக்காட ஆளிருப்பதில்லை.

எழுத்துப் பயிற்சிக்குச் சாக்குகளைவிட நல்ல சரக்கு கிடையாது. வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை, யார் அடித்ததால் யார் அழுதான், எப்போது கரண்ட் போனது. காரணம் பொய்யானாலும் பரவாயில்லை, வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மாடு நோட்டைத் தின்றுவிட்ட கதைகள் குவியும். வகைப் பெயர்களை வருடக் கடைசிவரை உச்சரிப்பதில்லை. கன்செஷன் என்ற பெயர் தெரியாமலேயே ‘ஆல்தோ’வைச் சரியாகப் போடும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘டூ டூ’ அட்டவணை பத்தாம் வகுப்பில் எப்படியும் வந்துவிடும். ஆறாம், ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் அதை எழுதாதீர்கள். அந்த நேரத்தில் தாமதமாக வந்த பையனை வாசலில் நிறுத்தி, அவன் காரணத்தை ஒரே ஆங்கில வாக்கியத்தில் சொல்லவிட்டு உள்ளே விடுங்கள்.