அண்ணனும் தங்கையும் ஒரு தோட்டமும்

கதை எழுதுகிறவனுக்கு உடை விஷயத்தில் அக்கறை இல்லாமல் முடியாது. கதாநாயகி என்ன நிறப் புடவை உடுத்தியிருந்தாள், தலையில் என்ன பூ வைத்திருந்தாள் என்று சொல்லாமல் நாலு அத்தியாயம் தள்ளிவிட்டால், வாசகர்கள், முக்கியமாக வாசகிகள், லேசில் மன்னிக்க மாட்டார்கள். ஆகவே தையற்கலைஞர்களின் சரித்திரத்தையும் நான் அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது உண்டு. அதில் வெகு நாளாக என் மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறவர் ஒருவர்: பாரிஸ் நகரத்து கிறிஸ்டியன் டியோர்.

டியோர் 1905-ஆம் ஆண்டு, பிரான்ஸ் தேசத்தின் வடமேற்குக் கரையில் உள்ள கிரான்வில் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் உரத் தொழிற்சாலை வைத்திருந்தார். தாயார் மதலேனுக்குத் தோட்டம் என்றால் உயிர். கடற்காற்று அறைந்துகொண்டே இருக்கும் பாறை மேட்டில், அந்த அம்மாள் பிடிவாதமாகப் பூஞ்செடிகளை வளர்த்தாள். பையனோ விதைக் கடைக்காரர்களின் விலைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, பூக்களின் பெயர்களை நெட்டுருப் போட்டான். நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி!

1931-இல் தாயார் இறந்துபோனாள். ஏறக்குறைய அதே சமயத்தில் தகப்பனாரின் சொத்தும் கரைந்துவிட்டது. பிறகு வீடும் தோட்டமும் குடும்பத்தின் கையை விட்டுப் போயின. கையை விட்டுப் போனது மனத்தை விட்டுப் போகவில்லை என்பதற்கு 1947-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ஆந் தேதி சாட்சி. அன்றுதான் டியோர் தம்முடைய முதல் உடை வரிசையைப் பாரிஸில் காட்டினார்.

யுத்த காலத்து உடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். துணிப் பஞ்சம், குட்டைப் பாவாடை, சிப்பாய்ச் சட்டையைப் போலத் தோளில் முட்டுக் கொடுத்த மேலங்கி. அவற்றுக்கு நடுவே டியோரின் பெண்கள் சிற்றிடையும் வட்டமாக விரிந்த நீண்ட பாவாடையுமாக நடந்து வந்தார்கள். ஒரே உடைக்குப் பத்துப் பதினைந்து கஜம் துணி! அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் 'கோரோல்'. நம் தாவரநூல் வாத்தியார்கள் 'அல்லிவட்டம்' என்கிறார்களே, அதுதான். பூவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெண்ணாக்கிவிட்டார். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை கார்மல் ஸ்நோ அதைப் 'புதிய தோற்றம்' என்று புகழ்ந்தாள். ஆனால் அதில் புதிது என்ன இருந்தது? முதல் உலக யுத்தத்துக்கு முன்னால், டியோர் சிறு பையனாக இருந்தபோது, அவருடைய தாயாரின் தலைமுறைச் சீமாட்டிகள் உடுத்திய கோலம்தான் அது!

இங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது. அம்மாவின் தோட்டத்தோடு கூடவே அம்மா காலத்து இடைக்கச்சையும் திரும்பி வந்துவிட்டது. யுத்தத்தில் தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் ஓடியாடி வேலை செய்த பெண்ணைப் பார்த்து, "இனி மூச்சை அடக்கிக்கொண்டு பூவாக நில்" என்று சொல்வது நியாயமா? பாரிஸிலேயே, படம் பிடிப்பதற்காக அந்த உடையில் தெருவுக்கு வந்த பெண்ணை மற்றப் பெண்கள் சூழ்ந்துகொண்டு உடையைக் கிழித்தார்கள். ரொட்டிக்கே வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பாவாடை பூவாகத் தெரியவில்லை. முதல் போட்ட மார்சல் பூசாக் பெரிய பருத்தி ஆலை முதலாளி என்பதையும் மறக்கக் கூடாது. பாவாடை எத்தனைக்கெத்தனை விரிகிறதோ, அத்தனைக்கத்தனை ஆலைக்கு லாபம்.

பூக்களில் டியோருக்கு மிகவும் பிரியமானது 'மூகே'. சின்னச் சின்ன வெள்ளை மணிகளைக் கோத்தாற்போல இருக்கும். பிரான்ஸில் மே மாதம் முதல் தேதியன்று அதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிக்கை. டியோர் அதில் ஒரு காம்பை உடையின் ஓரமடிப்புக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்துத் தைக்கச் சொல்வாராம். ஆனால் இந்தச் சாதுப் பூவுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் மே தினத்தில் சிவப்புக் காட்டு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. 1941-இல், நாஜிகளுக்குப் பணிந்து ஆண்ட பெத்தேனின் அரசாங்கம் அந்தச் சிவப்பைப் பிடிக்காமல் வெள்ளை மூகேயை முன்னுக்குக் கொண்டுவந்தது. பெத்தேன் போய்விட்டார், பூ நின்றுவிட்டது. இன்றைக்கு அதே தொழிலாளர்கள் அதையே ஏந்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். ஆக, அர்த்தம் பூவில் இல்லை. ஏந்துகிற கையில் இருக்கிறது.

இப்படி நினைக்கும்போதெல்லாம் டியோரின் தங்கை காதரின் என் கண்முன் வந்து நிற்கிறாள். அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பாரிஸை ஜெர்மானியர்கள் பிடித்திருந்த காலத்தில் அண்ணன் ஒரு பெரிய உடை மாளிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்; ஜெர்மன் அதிகாரிகளின் மனைவிமாரும் அங்கே வாடிக்கைக்காரிகள். அதே சமயத்தில் தங்கை எதிர்ப்பு இயக்கத்துக்காக ரகசியச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தாள். 1944 ஜூலையில் அவளைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ஒரு பெயரைக்கூட அவள் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. ராவென்ஸ்புருக் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். அண்ணன் ஆசையோடு செய்துவைத்திருந்த பண்டத்தைக்கூட அவளால் சாப்பிட முடியவில்லையாம்.

வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? பூ வியாபாரம். பாரிஸின் பெரிய சந்தைக்கு விடியுமுன்னே போய்ப் பூ விற்றாள். பிறகு தெற்கே கலியான் என்ற கிராமத்தில் அத்தருக்காக ரோஜாவும் மல்லிகையும் பயிர் செய்தாள். அந்த வட்டாரத்து மல்லிகை வேறொன்றும் இல்லை, நம் பிச்சிப்பூவின் இனமேதான். 1947-இல் அண்ணன் வெளியிட்ட முதல் அத்தருக்கு 'மிஸ் டியோர்' என்று தங்கையை நினைத்தே பெயர் வைத்தார் என்பார்கள். அவர் 1957-இல் திடீரென்று காலமானார். தங்கை 2008 வரையில் இருந்தாள்.

ஒரே தோட்டத்தில் ஓடி விளையாடிய இரண்டு குழந்தைகள். ஒருவர் அதைத் துணியில் தைத்தார். மற்றவள் மண்ணிலேயே மறுபடியும் நட்டாள். டியோரின் பாவாடையைப் படத்தில் பார்க்கும்போது அதன் அழகை என்னால் மறுக்க முடியவில்லை. மனிதர் பழமையைத் தேடி ஓடியதற்கும் காரணம் புரிகிறது. அத்தனை அவலத்துக்குப் பிறகு அம்மாவின் மடியைத் தேடாதவர் யார்? ஆனால் இடைக்கச்சை இல்லாமலும் அந்தத் தோட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடிந்திருக்கிறது. அதைச் செய்தவளுக்குப் பாரிஸ் நகரத்துக் கண்ணாடி அலமாரிகளில் இடம் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், கதாநாயகியாக நான் அவளைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்கிற வாசகிகளுக்கும் பதில் தயாராக இருக்கிறது: முழங்கால்வரை மண் அப்பிய ஒரு சாதாரண வேலை உடை.