காத்தாடி ஊரில் ஒரு ஜன்னல் சீட்

நாகர்கோவிலில் தென்காசி பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடிப்பவன் பாக்கியசாலிதான். ஆனால், ஆடி மாசத்தில் மட்டும் வேண்டாம் சார்! ஆரல்வாய்மொழி கணவாயில் வண்டி நுழைந்ததுமே காற்று கன்னத்தில் அறைகிறது. என் டிக்கெட் பறந்துபோய்ப் பின் சீட்டுப் பெரியவர் மடியில் விழுந்தது.

"இது எங்க ஊர்க் காத்து தம்பி. எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிடணும்" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார்.

முப்பந்தலில் இசக்கியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிமிர்ந்தால், கண்ணுக்கெட்டியவரை காற்றாலைகள். ஊர்க்காரர்களுக்கு அது 'காத்தாடி'. இந்த வட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் என்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றுதான் முதலாளி. குற்றாலத்தில் சாரல் தூவுவதும் இதே ஆசாமிதான்.

பெரியவர் 1990-களில் மூன்று ஏக்கரைக் காத்தாடிக்கு விற்றவர். "வானம் பார்த்த பூமி. பயலுக்கு அதுலயே வேலை கிடைச்சுது. விட்டுரலாமா?"

ஐ.டி.ஐ. படித்த மகன் அதில் ஏறி இறங்கி ரிப்பேர் பார்த்திருக்கிறான். அப்போதைய காத்தாடிகள் பல 250 கிலோவாட். இப்போது 2 மெகாவாட் ஒன்றை நட்டால் அந்த மாதிரி எட்டுக்குச் சமம். எது நின்றாலும் எங்கோ ஒரு நகரத்து ஏ.ஸி. ரூம் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடுகிறது. இங்கே ஆள் எதற்கு? மகன் இப்போது குஜராத்தில், கட்ச் பக்கம் காத்தாடி ஏறுகிறான்.

"கரன்ட் கம்பியில போயிட்டுது, அவன் ரயில்ல போயிட்டான். காத்து மட்டும் எங்கிட்ட கெடக்கு!"

"இப்ப எங்கே அண்ணாச்சி போறீங்க?"

"மக வீட்டுக்கு."

மகள் கதை தலைகீழ். சென்னையில் ஒரே ரூமில் நாலு பேராக ஆறு வருஷம் இருந்த பெண், இப்போது தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. 2011-ல் அங்கே ஸோஹோ ஆபீஸ் திறந்தபோது, வயலுக்கு நடுவே சாஃப்ட்வேரா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். (என் சிரிப்புக்கு நான் இன்னமும் சென்னையில் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்!)

"சம்பளம்?" ஆபீஸ் புத்தி, கேட்டுவிட்டேன்.

"மெட்ராஸைவிடக் குறைச்சல்தான். ஆனா மாசக் கடைசியில மிஞ்சுதாம். கூடப் படிச்ச பிள்ளைய எல்லாம் இன்னும் அங்கனதான். இங்க எத்தனை பேருக்குத்தான் நாற்காலி போடுவாவ?"

யோசித்தால் வேடிக்கைதான். மண்ணில் ஆழக் குழி தோண்டி நட்ட இயந்திரம் பையனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டது. எங்கே வேண்டுமானாலும் வைக்கக்கூடிய கம்ப்யூட்டர் பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

கடையம் தாண்டும்போது பெரியவரின் செல்போன் அடித்தது. வீடியோவில் மகன். பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பு மண்.

"யப்பா, முப்பந்தல் வழியாத்தான வந்திய? நம்ம காத்தாடி சுத்துதா?"

"சுத்துதுல. நல்லாச் சுத்துது."

போனை மடியில் கவிழ்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "அதைப் பிடுங்கி ரெண்டு வருஷமாச்சு தம்பி. அவங்கிட்ட இன்னும் சொல்லல."