குர்துபாவிலிருந்து கர்னாதாவுக்கு



ஸ்பெயின் நாட்டின் வரைபடத்தில் குர்துபாவையும் கர்னாதாவையும் தேடிப் பாருங்கள். கொர்டோபா, கிரனாடா என்று போட்டிருக்கும். நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அல்கலா லா ரெயால் வழியாகச் செல்லும் வீதியில் 165 கிலோமீற்றர் அளவில் வரும். பஸ் வண்டியில் இரண்டே முக்கால் மணித்தியாலப் பயணம். 2019இல் கிரனாடாவுக்கு அதிவேக ரயில் பாதை திறக்கப்பட்ட பின், ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

நான் மகனோடு பஸ்ஸில் போனேன். புறப்படுமுன் குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைப் பார்த்தோம். முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கியது அது. 850க்கும் மேற்பட்ட தூண்கள், பொன்னாய் மின்னும் மிஹ்ராப். ஆனால் 1236இல் நகர் வீழ்ந்த நாளிலிருந்து அது தேவாலயம். முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. மிஹ்ராபைக் கண்ணால் பார்க்கலாம், ஸஜ்தா செய்ய முடியாது.

எமது ஷாபிஈ மத்ஹபில் கஸ்ர், ஜம்உ சலுகைக்குரிய தூரம் 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல். வாகனம் எவ்வளவு வேகமாகப் போனாலும் கணக்கில் எடுப்பது தூரத்தைத்தான். ஆகவே ளுஹரைப் பிற்படுத்தி அஸரோடு சேர்த்துத் தொழுவதாக நிய்யத் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

வழி நெடுக ஒலிவ் தோட்டங்கள். பாதி வழிக்கு மேல் போனதும் அல்கலா லா ரெயாலின் குன்றுக் கோட்டை தெரிந்தது. அது வீழ்ந்தது 1341இல். கர்னாதா கைவிட்டுப் போனது 1492 ஜனவரி 2ஆம் திகதி. நாங்கள் ஒரு பிற்பகலில் கடந்த தூரத்தைக் கடக்க எதிரிக்கு இரண்டரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. கர்னாதா அவ்வளவு காலம் நின்றதற்கு மலையும் உடன்படிக்கைகளும் காரணம். ஆனால் அந்த உடன்படிக்கைக்கு ஒரு விலை இருந்தது. கர்னாதா அரசை நிறுவிய இப்னுல் அஹ்மர் காஸ்டில் மன்னருக்குக் கீழ்ப்பட்டு, இஷ்பீலியா நகர முற்றுகைக்குத் தமது குதிரைப்படையை அனுப்பினார். அந்த முஸ்லிம் நகரம் 1248இல் வீழ்ந்தது. அல்ஹம்றாவைக் கட்டத் தொடங்கியவரும் அவரே.

கர்னாதாவில், அல்ஹம்றாவுக்கு எதிரே அல்பைசின் மேட்டில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே மகன் இமாமாக நிற்க, ளுஹர் இரண்டு ரக்அத்தும் அஸர் இரண்டு ரக்அத்தும் தொழுதோம். குர்துபாவில் வைக்க முடியாத நெற்றியை இங்கே வைத்தபோது கண் கலங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, அந்தலூஸின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தூண்களின் அழகோடு நிறுத்திவிடாதீர்கள். இஷ்பீலியாவுக்குப் போன அந்தக் குதிரைப்படையையும் சொல்லுங்கள். சுவர் ஒன்று, முற்றம் ஒன்று என்று இருந்தும், காணித் தகராறில் சாச்சா வீட்டோடு வருடக்கணக்காக ஸலாம் கூட இல்லாத குடும்பங்கள் எங்களுக்குள் எத்தனை! அந்தப் படியை முதலில் மிதிப்பது பெரும்பாலும் பெண்களால்தான் முடிகிறது. வருகிற பெருநாளுக்கு ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு போய்ப் பாருங்கள். எட்டு வைத்தால் போய்ச் சேரும் தூரம்தான்.