எட்டுத் தரம் எடுத்த பிள்ளை

கொழும்புச் சுற்றுலாவில் என்ன நடந்தது என்று கேட்ட பெற்றோருக்காக இதை எழுதுகிறோம்.

"தவறிப்போனா இந்த நம்பருக்கு எடுங்க" என்று எங்களில் ஒரு சேரின் நம்பரைப் பிள்ளைகள் எல்லோரின் கையிலும் எழுதிவிட்டிருந்தோம். அதே ஃபோனில்தான் இரவு முழுக்க பஸ்ஸில் மெப் பார்த்தோம். தாமரைக் கோபுரத்தில் ஏறி வீடியோவும் எடுத்தோம்.

லுஹருக்குப் புறக்கோட்டை சம்மாங்கோட்டுப் பள்ளிக்கு வந்து எண்ணினால் ஒரு பிள்ளை குறைவு. சேரின் ஃபோன் செத்துக் கிடந்தது. இரண்டாம் குறுக்குத் தெருச் சனம் தெரியும்தானே!

பவர் பேங்க் இருந்தது, 10,000 எம்.ஏ.எச். 5,000 ஃபோனை அது இரண்டு தரம் ஏற்றும் என்பது கணக்கில் மட்டும்தான். இடையில் இழப்பு இருக்கிறது. அதுவும் விடியமுன்னே தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் பிளக் கேட்டோம். அங்கே பழைய வட்டத் துளை, எங்களுடைய சார்ஜர் சதுர முள். கடைக்கார நானா தன்னுடைய அடப்டரைக் கழற்றித் தந்தார். முற்றாக இறங்கிய ஃபோன் செருகியவுடன் திறக்காது. அந்தச் சில நிமிடங்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திறந்ததும் அழைப்பு வந்தது.

"எட்டுத் தரம் எடுத்த சேர், ஓஃப் எண்டே வருகுது."

நான்கு கடை தள்ளி, ஒரு துணிக்கடையில் நின்றிருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

இனிமேல் கையில் இரண்டு நம்பர் எழுதுவோம். அதில் ஒரு ஃபோன் படமே எடுக்காமல் பையில் கிடக்கும்.

சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டிருக்கலாம் என்பது ஊர் திரும்பும்போதுதான் எங்களுக்கு உதித்தது. எங்களில் ஒருவர் ஐ.சி.டி. படிப்பிப்பவர்.