நாலு விரல்

தூத்துக்குடி வாகைகுளம் ஏர்போர்ட்டுக்கும் அஸ்ஸாம் திப்ரூகர் ஏர்போர்ட்டுக்கும் எவ்ளோ தூரம்? போன டிசம்பர்ல ஒரு ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல கால்குலேட்டரைத் தட்டினேன். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டா, நேர்கோட்டில் 2,745 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ போனா, ஏற இறங்க அரை மணி சேர்த்து, நாலு மணி நேரம். "நாலே மணி நேரம்தாம்லே!"ன்னு ரூம்மேட்டைத் தேத்தினேன்.

அவன் திப்ரூகர்காரன். செமஸ்டருக்கு ஒரு மூட்டை டீத்தூளோட வர்றதால ஹாஸ்டல்ல பேரே 'டீத்தூள்'. அன்னிக்கு அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஐ.சி.யூ. வழக்கமா அவன் போறது கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ். 4,100 கி.மீ-க்கு மேல, மூணு நாளுக்கு மேல ஆகும். அதனால ஹாஸ்டலே காசு போட்டுச்சு. துணைக்கு நான்.

ஆனா நேர் விமானம் கிடையாதே பாஸ்! சென்னை, கொல்கத்தான்னு மாறி மாறித்தான் போகணும். ரொம்பச் சுத்தோன்னு மறுபடி கணக்குப் போட்டேன். 529, 1,385, 852... கூட்டினா 2,766. வெறும் 21 கி.மீ-தான் அதிகம்! ரெண்டு ஊருமே கிட்டத்தட்ட அதே கோட்டுல உட்கார்ந்திருக்கு.

அப்புறம் ஏன் லேட்டாச்சு? முதல் விமானம் தாமதம். சென்னையில இறங்கினப்போ கொல்கத்தா விமானம் பறந்திருந்துச்சு. வேற கம்பெனி டிக்கெட், காசும் போச்சு. சாயங்காலம் வேற விமானம். ராத்திரி முழுக்க கொல்கத்தா ஏர்போர்ட் நாற்காலியில. டீத்தூள் பேசவே இல்லை, செல்போனையே பார்த்துட்டு இருந்தான்.

காலையில மூணாவது விமானம். இடது பக்க ஜன்னல்ல பனிமலை, கீழே கடல் மாதிரி பிரம்மபுத்திரா. அவன் எதையும் பார்க்கலை. மோகன்பாரி ஏர்போர்ட்ல இறங்கினப்போ, கிளம்பி 29 மணி நேரம். அதுல வானத்துல இருந்தது அஞ்சரை மணி நேரம்தான். மிச்சமெல்லாம் காத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குள்ள விட்டப்போ மணி நாலரை, வெளியே இருட்டிடுச்சு. நம்ம ஊர்ல சூரியன் மறைய ஆறு மணிக்கு மேல ஆகும். கைக்கடிகாரம் ஒண்ணுதான், சூரியன்தான் வேற. தீர்க்கரேகையில 17 டிகிரி வித்தியாசம், அதாவது 68 நிமிஷம். அதனாலதான் அங்கே தேயிலைத் தோட்டங்கள்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு வேலை பார்க்கிறாங்களாம்.

அப்பா கண்ணைத் திறந்தார். மெதுவா ஏதோ கேட்டார். அஸ்ஸாமிய மொழி எனக்குச் சுத்தமாத் தெரியாது. ஆனா, ரெண்டு நாள் தாடியும் கசங்கின சட்டையுமா நின்ன மகனைப் பார்த்து என்ன கேட்டிருப்பார்னு புரிஞ்சுது.

டீத்தூள் சிரிச்சுக்கிட்டே நாலு விரலைக் காட்டினான்.