மாங்காடு: மரம் பெயரில் மட்டும்

பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். காஞ்சிபுரம் மாவட்டம். பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சியாக அறிவிக்கப்பட்டது. நிர்வாக வரலாறு இவ்வளவு போதும்.

சொல்ல வேண்டியது பெயரைப் பற்றித்தான். மாமரங்கள் அடர்ந்த காடு, மாங்காடு. பக்கத்துத் திருவேற்காட்டுக்கு வேலமரம் பெயர் தந்ததைப் போல. இந்தக் காட்டில்தான் காமாட்சி ஐந்து தீயின் நடுவே, இடக்கால் பெருவிரலை ஊன்றி, வலக்காலை மடித்துத் தவம் நின்றாள் என்கிறது தலபுராணம். அவள் கோயில் கருவறையில் பிரதானம் எட்டு மூலிகைகளால் ஆன அர்த்தமேரு என்னும் ஸ்ரீசக்கரம். மூலிகை என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். கையில் எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் விடாமல் வந்து வேண்டிக்கொள்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். தவம் முடிந்து காஞ்சிக்குப் போன அம்மனுக்குக் கல்யாணம் நடந்ததும் மாமரத்தடியில்தான்.

மரத்தால் பெயர் பெற்ற ஊர் பைபிளிலும் ஒன்று உண்டு. ஆதியாகமம் 28-ஆம் அதிகாரம். கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கிய யாக்கோபு, வானத்தைத் தொடும் ஏணியைக் கனவில் கண்டான். விடிந்ததும் அந்தக் கல்லை நிறுத்தி எண்ணெய் வார்த்து, இடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிட்டான். எபிரேயத்தில் ‘பெத்’ வீடு, ‘ஏல்’ கடவுள். நம்மூர் ஜெபவீட்டுப் பலகைகளில் பார்க்கிற அதே பெத்தேல். ஆனால் அதன் பழைய பெயர் லூஸ். அந்த எபிரேயச் சொல் வாதுமை மரத்தையும் குறிக்கும்.

அங்கே தெய்வம் வந்ததும் மரத்தின் பெயர் போய்விட்டது. இங்கே அம்மன் வந்த பிறகும் ஊர் மரத்தின் பெயரை விடவில்லை. எனக்கு அதில் தனிப் பெருமை.

பெயரைக் காப்பாற்றிய நாம் மரத்தைக் காப்பாற்றவில்லை. தோப்பெல்லாம் மனையாகிவிட்டது. மனை போட்டவர்கள் ஓரத்து மரத்தைக்கூட விடவில்லை. வாங்கிய நாமும் கேட்கவில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் ஒதுங்க நிழல் இல்லாமல் வெயிலில் வரிசை நிற்கிறார்கள். மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். போன பொங்கலுக்கு வாசல் தோரணம் கட்ட, மாங்காட்டுக்காரனாகிய நான் பூந்தமல்லிக்குப் போய் மாவிலைக் கொத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன்.