ஆண் ஓணானா, பெண் ஓணானா? பூமலைக்கு வாங்க!

“நான் வளர்க்கிற பல்லி ஆணா, பெண்ணா?” என்று யாராவது கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூரில் இகுவானா, சிறுத்தைப் பல்லி போன்றவற்றை வீட்டில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. மீறினால், வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்!

அதற்காகப் பிள்ளைகளின் ஆசையை அடக்க வேண்டாம். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் சிங்கப்பூர்ப் பூமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1859ல் உருவான இந்தத் தோட்டம், 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது.

முதலில் புதர் ஓரங்களைப் பாருங்கள். தமிழகக் கிராமங்களில் வேலிமேல் தலையாட்டும் ஓணான் இங்கும் உண்டு. 1980களில் சிங்கப்பூரில் குடியேறிய இனம் இது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தோளும் செக்கச்செவேலென்று மாறும். தொண்டையில் கறுப்புத் திட்டு தெரியும். முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுத்தால் சந்தேகமே வேண்டாம். “இது என் இடம்” என்று மற்ற ஆண்களை எச்சரிக்கிறார் ஐயா. பெண்ணுக்கு இந்த ஆர்ப்பாட்டம் இல்லை, மங்கலான பழுப்பு நிறம். அந்தக் காலம் முடிந்தால் ஆணும் பழுப்புக்குத் திரும்பிவிடும். அப்போது உப்பிய கன்னமும் பெரிய பிடரி முட்களும்தான் அடையாளம்.

அடுத்து, உயர்ந்த மரங்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பறக்கும் ஓணானைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். தொண்டைக்குக் கீழே மஞ்சள் கொடிபோல் தோலை விரித்து மடக்கினால் ஆண். பெண்ணுக்கும் அந்தத் தோல் உண்டு. ஆனால் சிறியது, நீல நிறம். மரத்தடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தால் அது முட்டையிட இறங்கிய பெண்ணாக இருக்கலாம். கைப்பேசியோடு நெருங்காமல் தள்ளியே நில்லுங்கள். பயந்து ஓடிவிட்டால் முட்டையிடுவது தடைபடும்.

ஏரிக்கரை உடும்புதான் நம்மை ஏமாற்றும். ஆண் பெரிதாக வளரும் என்றாலும், இளம் ஆணும் வளர்ந்த பெண்ணும் ஒரே அளவில் இருக்கலாம். “தெரியலையே கண்ணு” என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாம், தப்பில்லை.

வளர்ப்புப் பல்லியைப் பிடித்து, புரட்டி, வால் அடியைப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். அந்தப் பாடு பல்லிக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம். பூமலையில் கால் மணி நேரம் சத்தமில்லாமல் நின்றால் ஓணானே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள்!